பீரோவுக்குள் வந்த ஜிஎஸ்டி

ஆடிப் பதினெட்டுக்குள் பீரோவைக் காலி செய்துவிட வேண்டும் என்று அம்சவள்ளி தன் கணவருக்கு நோட்டீஸ் கொடுத்தாள். வாய்மொழி நோட்டீஸ்தான். ஆனால் கோர்ட்டு நோட்டீஸுக்காவது வாய்தா வாங்கலாம். அம்சவள்ளியிடம் அந்தப் பழக்கமே கிடையாது. நைனார்பாளையத்தில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தீனதயாளனுக்கு இது நன்றாகத் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் பீரோ அவளுடையது. கல்யாணத்துக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்தது. கதவில் ஆள் உயரக் கண்ணாடி, உள்ளே லாக்கர், திறந்தால் தெருமுனை வரை கேட்கும் கிரீச் சத்தம். முதலில் தீனதயாளன் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா வைக்க இடம் கேட்டார். டப்பாவில் ஏழெட்டுப் பழைய காசு இருந்தது. "ஓரமா இருந்துட்டுப் போவட்டும்" என்று அம்சவள்ளியும் பெரிய மனசு பண்ணினாள். அந்த டப்பா குட்டி போட்டது. அடித்தட்டு நிறைந்து நடுத்தட்டுக்கு ஏறியது. நடுத்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு. கடைசியில் லாக்கரும் போயிற்று. ஓட்டைக் காலணா, ஆற்காட்டு வெள்ளி, வெள்ளைக்காரன் ராஜா, வெள்ளைக்காரன் ராணி எல்லாரும் பீரோவுக்குள் வசதியாகக் குடியேறினார்கள். அம்சவள்ளியின் புடவைகள் காலி உரச் சாக்குகளுக்குக் குடிபெயர்ந்தன.

சாக்கைத் துவைத்துக் காயவைத்துத்தான் புடவையை வைத்தாள். ஆனால் காம்ப்ளெக்ஸ் உரம் லேசில் விடுமா? ஆனிக் கடைசியில் சின்னசேலத்தில் நடந்த அவள் அண்ணன் மகள் கல்யாணத்தில், பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, "ஒங்களுக்கு உரக்கடைங்களா? டிஏபி ஸ்டாக் வந்துச்சுங்களா?" என்று மரியாதையாக விசாரித்தாள். அம்சவள்ளி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பீரோவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாங்க, ஒண்ணு கேக்கறன், பதில் சொல்லுங்க. இந்தக் காசு சேக்கறது தொழிலா, வெளையாட்டா?"

"தொழில்தான்" என்றார் தீனதயாளன். விளையாட்டு என்று சொன்னால், கடையைப் பூட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கே போகிறீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும்.

"தொழில்னா விக்கணும் இல்ல?"

"வெல ஏறட்டும்னு வெச்சிருக்கறன்."

"எட்டு வருஷமா ஏறிக்கினேதான் இருக்குது. ஏறினது போதும். ஆடிப் பதினெட்டுக்குள்ள எல்லாத்தையும் வித்துட்டு எம் பீரோவக் குடுங்க. அந்தத் துட்டுல தாலில கோக்க எனக்கு ஒரு தங்கக் காசு எடுத்துக் குடுங்க."

தங்கக் காசு விவகாரம் பழையது. ஆடிப் பதினெட்டு அன்று தாலிக்கயிறு மாற்றும்போதெல்லாம் அவள் கேட்பாள். அவர் தங்கம் விற்கும் விலையைச் சொல்லுவார். அவள் பழைய குண்டுமணியையே புதுக் கயிற்றில் கோத்துக்கொள்வாள்.

"இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. இந்த டப்பால இருந்தே ரெண்டக் குடுங்க, ஓட்ட போட்டுக் கோத்துக்கறன்."

தீனதயாளன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டையா? காசுல ஒரு கீறல் வுழுந்தாலே பாதி வெல போச்சு அம்சா. ஓட்ட போட்டா அது செத்த காசு. சும்மா குடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான்!"

"ஓகோ" என்றாள் அம்சவள்ளி. அவள் ஓகோ என்று சொன்னால் ஒரு விஷயத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள் என்று அர்த்தம். இது தீனதயாளனுக்கு இத்தனை வருஷமாகியும் தெரியாது.

அவர் ஒரு காசைக்கூட விற்க முடியாத ஆள் என்பதுதான் உண்மை. அந்தக் காசுகளை அவர் அப்படி நேசித்தார். காசு சேர்ப்பவர்களின் ஞாயிறு கூட்டத்துக்குப் போகாத நாட்களில் மத்தியானம் லுங்கியை விரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக அடுக்கி, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் மழை பெய்தாலும் தெரியாது, மோட்டார் எரிந்தாலும் தெரியாது. அவர் முகத்தில் அப்போது வரும் சிரிப்பு தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட வரவில்லை என்று அம்சவள்ளி பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

அதிலும் ஒரு காசு அவருக்கு உயிர். சட்டைப் பொத்தான் அளவு இருக்கும், தங்க வராகன். மாசியில் தன் கொல்லையில் விளைந்த மக்காச்சோளத்தை விற்ற பணம் கைக்கு வந்ததும் புதுச்சேரிக்குப் போய் ஒரு சேகரிப்பாளரிடம் வாங்கி வந்தார். இந்த வருஷம் சோளம் விலை படுத்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். சோளம் நிமிர்ந்துதான் நின்றிருந்தது. படுத்தது அவர் உண்மைதான்.

"இது இன்னா புதுசா மினுக்குது?" என்று அம்சவள்ளி கேட்டபோது, "பித்தளை வில்லை. பத்து ரூவா" என்று சொல்லிவிட்டு, பழைய தைல டப்பாவில் போட்டு மூடினார். காசு சேர்ப்பவர்கள் மனைவியிடம் விலை சொல்லும்போது இரண்டு மூன்று சைபரைக் குறைத்துச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். தீனதயாளன் உலோகத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்.

நோட்டீஸ் வந்த அடுத்த வாரம் கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை பிறந்தது. வரி! பழைய காசு விற்றால் ஜிஎஸ்டி உண்டு என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரோ பேசியது ஞாபகம் வந்தது. நிறைய வரி இருந்தால் விற்பது நஷ்டம். நஷ்டம் என்றால் அம்சவள்ளியே விற்க வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அரசாங்கத்தின் மேல் அன்றைக்கு அவருக்கு வந்த மரியாதை அதற்கு முன் வந்ததில்லை.

உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். அங்கே ஒரு ஆடிட்டர் ஆபீசில் இளஞ்செழியன் வேலை பார்க்கிறான். அம்சவள்ளியின் சின்னம்மா மகன். ரகசியம் கேட்க இத்தனை பெரிய கள்ளக்குறிச்சியில் அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, மச்சினன்தான் கிடைத்தான். அவர் புத்தி அன்று அப்படி.

"மாப்ள, காசு வித்தா எவ்ளோ வரி வரும்? ஜாஸ்தியா வரும் இல்ல?" என்று ஆசையோடு கேட்டார்.

"அதையே தொழிலா வெச்சி வாங்கி வித்துக்கினு, வருஷத்துக்கு நாப்பது லட்சத்துக்கு மேல போச்சுன்னா நம்பர் வாங்கணும் மாமா. ஆன்லைன் கம்பெனி மூலமா வெளி ஸ்டேட்டுக்கு வித்தா அதுக்கு வேற சட்டம். நீங்க அப்டி எதனா விக்கறீங்களா?"

"ஆன்லைன்லாம் இல்ல. நேர்லதான்."

"போன வருஷம் எவ்ளோவுக்கு வித்தீங்க?"

தீனதயாளன் கூரையைப் பார்த்தார். "சேலம் கண்காட்சில ஒரு காலணா வித்தன்."

"எவ்ளோவுக்கு?"

"எம்பது ரூவா."

"அப்பறம்?"

"அப்பறம் தூக்கம் வரல மாப்ள. அடுத்த வாரமே அந்தாளு வூட்டத் தேடிப் போயி அந்தக் காலணாவத் திருப்பி வாங்கிட்டன்."

"எம்பதுக்கேவா?"

"நூத்தி இருவது."

இளஞ்செழியன் பேனாவை மூடி வைத்தான். "மாமா, இது ஹாபி. எப்பனா ஒண்ணு ரெண்டு விக்கறதுக்கெல்லாம் ஜிஎஸ்டி இல்ல. ஒங்களுக்கு வரி போட்டா கவர்மெண்டுக்குத்தான் அசிங்கம்."

"கொஞ்சங்கூடவா இல்ல? நல்லாப் பாரு மாப்ள."

"இல்ல மாமா."

"சும்மா ஒரு நோட்டீஸாவது வுடச் சொல்ல முடியுமா?"

"காப்பி சாப்புடறீங்களா மாமா?" என்று கேட்டான் இளஞ்செழியன், வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே.

தீனதயாளனுக்கு அவமானமாக இருந்தது. ஊரெல்லாம் வரி கட்ட முடியாமல் அழுகிறார்கள். அவரோ வரி கேட்டுப் போய், உனக்கெல்லாம் கிடையாது என்று துரத்தப்பட்ட முதல் மனிதர். சோர்ந்து போய்த் திரும்பினார். சின்னசேலத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, இரண்டாவது போண்டாவைப் பிட்டபோது பளிச்சென்று ஒன்று தோன்றியது. வரி இல்லை என்பது அவருக்குத் தெரியும், இளஞ்செழியனுக்குத் தெரியும். அம்சவள்ளிக்குத் தெரியாதே! மூன்றாவது போண்டாவும் சொன்னார்.

வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அம்சவள்ளி முறத்தை மடியில் வைத்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு அம்சா. எல்லாம் போச்சு."

"இன்னா போச்சு? வண்டிச் சாவியா?"

"காசு விக்க முடியாது. வித்தா ஜிஎஸ்டி."

"கட்டிட்டாப் போவுது."

"கட்டிட்டா வுட்டுருவானா? மொதல்ல நம்பர் வாங்கணும். வாசல்ல போர்டு மாட்டணும். மாசா மாசம் கணக்குக் குடுக்கணும். ஒரு மாசம் தவறுச்சுன்னா ஜீப்புல வந்து எறங்கிடுவாங்க. நேரா வந்து பீரோவுக்கு சீல் வெச்சிருவாங்க."

"எங்கப்பா குடுத்த பீரோவுக்கா?"

"உங்கப்பா குடுத்ததுன்னா ஆபீசரு சும்மா இருப்பாரா? பீரோவுக்கு பில்லு எங்கன்னு கேப்பாரு."

அம்சவள்ளியின் கை நின்றது. மல்லாட்டைத் தோடு முறத்தில் விழாமல் விரலிலேயே நின்றது. தீனதயாளன் உள்ளுக்குள் ஒரு குதி குதித்தார்.

"சரி, விக்க வேணாம். யாருக்குனா சும்மா தூக்கிக் குடுத்துடலாங்க."

"ஐயோ, சும்மா குடுத்தா வரி அதுக்கு மேல ஜாஸ்தி!"

"ஆத்துல போட்டுட்டா?"

"ஆத்துல போட்டா அது தனி கேஸு."

"அப்ப இன்னாதாங்க பண்றது? அப்டியே பீரோவுல வெச்சிருந்தா?"

"அதுக்கு மட்டும் ஒண்ணுமில்ல" என்றார் தீனதயாளன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இருக்கற எடத்துல அப்டியே வெச்சிருக்கறதுதான் சட்டம்."

அம்சவள்ளி விரலிலிருந்த தோட்டை முறத்தில் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சாமிக்குப் போட்டா?"

இங்கேதான் தீனதயாளன் சறுக்கினார். ஒரே வார்த்தையில் சாமிக்கும் ஒரு வரியைப் போட்டிருக்கலாம். ஆனால் மாதம் ஆடி. மலைமேல் இருக்கும் குலசாமி பொல்லாதது. பொய்யில் அதையும் இழுத்தால் இராத்திரி கனவில் அரிவாளோடு வரும். அதனால் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சேச்சே, சாமிக்கு ஏது வரி? சாமிக்குப் போட்டா எந்த ஆபீசரும் கேக்க முடியாது" என்றார்.

"ஓகோ" என்றாள் அம்சவள்ளி.

அதற்குப் பிறகு பீரோப் பேச்சே இல்லை. மறுநாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அதற்கடுத்த நாள் கேட்காமலே ஆம்லெட் வந்தது. "பாவம், தனியா இவ்ளோ கஷ்டத்தையும் மனசுல வெச்சிக்கினு திரியறீங்களே" என்று ஒரு தரம் தலையைக்கூடத் தடவிக்கொடுத்தாள். தீனதயாளன் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் விசிலடித்தார். அரசாங்கம் என்று ஒன்று இருப்பது எவ்வளவு நல்லது என்று வருகிற விவசாயிகளிடமெல்லாம் சொன்னார். அவர்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார்கள்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. ஒரு அவசர மோட்டாரை முடித்துக் கொடுக்கக் காலையிலேயே கடைக்குப் போனவர், சித்ரான்ன வாசனையை எதிர்பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசனை இல்லை. அம்சவள்ளியும் இல்லை. பீரோ திறந்து கிடந்தது.

அடித்தட்டில் புடவைகள். நடுத்தட்டில் புடவைகள். மேல்தட்டில் பட்டுப்புடவைகள். லாக்கரில் ஜாக்கெட்டுகள். ஒரு காலணாகூட இல்லை.

தீனதயாளன் தட்டு தட்டாகக் கையை விட்டுத் துழாவினார். வாசலுக்கு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் கோலத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தாள்.

"செல்லியக்கா! அம்சா எங்க?"

"வெள்ளிமலைக்குப் போயிக்கினு இருக்கா தம்பி. நீங்க கடைக்குப் போன கையோட, அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பிட்டா. மஞ்சத் துணில எம்மாம் பெரிய மூட்ட! அவளால தூக்க முடியல, நாந்தான் பஸ்ஸு வரைக்கும் ஒரு கை புடிச்சன்."

"மூட்டைல இன்னா?"

"ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க காசுதானாம். ஆபீசரு வர்றதுக்குள்ள குலசாமிகிட்ட சேத்துடறேன்னா. எம் புருஷன் ஜெயிலுக்குப் போவக் கூடாதுக்கான்னு கண்ணத் தொடச்சிக்கினே போனா." செல்லியம்மாள் பெருமூச்சு விட்டாள். "இப்டி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கெடைக்கும்?"

அதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

கள்ளக்குறிச்சி வரை அவர் எப்படிப் போனார் என்பது அவருக்கே தெரியாது. கச்சிராயப்பாளையம் தாண்டி மலைப்பாதை ஏறியதும் வண்டி முனகத் தொடங்கியது. முன்னால் ஒரு ஜீப், உள்ளே இருந்தவர்களைவிட வெளியே தொங்கியவர்கள் அதிகம். எல்லாரும் ஆடிப் பதினெட்டுக்கு மலையேறுகிறவர்கள். ஒவ்வொரு வளைவிலும் ஜீப் நின்று யோசித்தது. தீனதயாளன் ஹாரனை அடித்துக்கொண்டே குலசாமியோடு பேரம் பேசினார்.

"சாமி, அதெல்லாம் பழைய காசு சாமி. கடைல குடுத்தா செல்லாது. ஒரு கற்பூரம்கூட வாங்க முடியாது. ஒனக்கு எதுக்கு? நான் புதுசா ஐந்நூறு ரூபா நோட்டா தரன். சலவை நோட்டு."

அடுத்த வளைவில் தூறல் போட்டது. சம்மதமா சண்டையா என்று புரியாமல், தீனதயாளன் நோட்டை இரண்டாக உயர்த்தினார்.

வெள்ளிமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது கோயில். கூட்டம் நெரிந்தது. பொங்கல் வைக்கிற புகை, உடுக்கைச் சத்தம், ஈரத் துணியோடு ஓடும் பிள்ளைகள். இது எதுவும் தீனதயாளன் கண்ணில் படவில்லை. உண்டியல் மட்டும் பட்டது. பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி உதறி மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலி மஞ்சள் துணி. அவர் ஓடிப்போய் உண்டியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பூசாரி பச்சமுத்து விபூதித் தட்டோடு திரும்பிப் பார்த்தார். "இன்னா சாமி, வேண்டுதலா?"

"பூசாரி! இத்தத் தொறங்க!"

"அத்த நாம தொறக்கக் கூடாதுங்களே. அதுக்குன்னு ஆளுங்க வந்து, எல்லார் முன்னாடியும்தான் தொறப்பாங்க."

"உள்ள எங் காசு இருக்குது!"

"உள்ள போனா சாமி காசுங்க. அம்மா சொன்னாங்க, ஒங்க காசு ஏதோ வரி கட்டாத காசாம், கேஸு ஆயிடுமாம், சாமி மடில வுழுந்தாத்தான் தப்பிக்குமாம். கவலப்படாதீங்க, சாமி பாத்துக்கும்."

கூட்டம் மெல்லத் திரும்பியது. வரி கட்டாத காசு என்றதும் பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "எத்தினி கோடியாம்?" என்று ஒரு குரல் கேட்டது.

தீனதயாளன் உடைந்தார். உண்டியலை விடாமலே கத்தினார்.

"ஐயா, வரியே இல்லீங்க! நாப்பது லட்சத்துக்கு மேல வித்தாத்தான் வரி! எங்கிட்ட இருக்கறது அத்தனையும் வித்தா ரெண்டு கறவ மாடுகூட வாங்க முடியாது! எட்டு வருஷத்துல நான் வித்தது ஒரே ஒரு காலணா! அத்தையும் திருப்பி வாங்கிட்டன்! இது தொழிலே இல்ல, வெளையாட்டு! வெறும் வெளையாட்டு! பீரோவக் காலி பண்ணச் சொன்னாளேன்னு பொய் சொல்லிட்டன்!"

உடுக்கை அடித்தவர்கூட அடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஓகோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பலா மரத்தடியில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள். கையில் வாழையிலை, இலையில் எலுமிச்சை சோறு. சாவகாசமாக ஒரு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இம்மாந்தூரம் வண்டில வந்திருக்க வேணாம் இல்ல? வாங்க, சோறு இருக்குது."

"அம்சா... ஒனக்கு..."

"நீங்க ஆபீச வுட்டு எறங்கின ஒடனேயே இளஞ்செழியன் போன் பண்ணிட்டான். அக்கா, மாமா வந்து எதனா வரி போடு, எதனா வரி போடுன்னு கெஞ்சறாரு, வூட்ல எதனா பிரச்சனையான்னு பயந்துட்டான்."

"அப்ப நான் வந்து சொன்னப்ப?"

"நீங்க அவ்ளோ அழகா சொல்லிக்கினு இருந்தீங்க. நடுவுல நிறுத்த மனசு வரல."

"மூட்டைல?"

"தேங்காயும் பொங்கலரிசியும். தாலிக்கயிறு மாத்தறதுக்குக் குலசாமிகிட்டயே வரலாம்னு வந்தன்."

"காசு?"

"வூட்லதாங்க இருக்குது. உரச் சாக்குல. நாலு பூச்சி உருண்டையும் போட்டு வெச்சிருக்கறன். நீங்க பீரோவப் பாத்தீங்க, சாக்கப் பாத்தீங்களா?"

தீனதயாளனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒரு மலையளவு பாரம் இறங்கியதில் சிரிப்புத்தான் வந்தது. முதலில் அவர் சிரித்தார். பிறகு பூசாரி சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. படம் பிடித்தவர், "அண்ணே, நாப்பது லட்சம்னு சொன்னீங்க பாருங்க, அத்த மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே, சரியா வுழல" என்று கேட்டார். பேரம் பேசிய கடனுக்குத் தீனதயாளன் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை உண்டியலில் போட்டார். அம்சவள்ளியின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு கெட்டிக்காரியைக் கட்டிக்கொண்டோமே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இறங்கும்போது இரண்டு பேரும் பைக்கில் வந்தார்கள். மலைத் தேன் ஒரு பாட்டில் வாங்கினார்கள். தூறல் போட்டபோது அவள் முந்தானையை அவர் தலையிலும் சேர்த்துப் போட்டாள். அதில் இன்னும் லேசாக உர வாசனை அடித்தது. "புடவைக்கு பீரோதான் அம்சா சரி" என்று அவரே பெருந்தன்மையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்குகளைப் பிரித்தார். பிஸ்கட் டப்பாக்கள் வரிசை குலையாமல் இருந்தன. ராஜாக்கள், ராணிகள், எல்லாரும் பூச்சி உருண்டை மணக்க நலமாக இருந்தார்கள். திருப்பி வாங்கிய காலணாவும் இருந்தது. அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். கடைசியாகத் தைல டப்பாவை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தம் வரவில்லை. திறந்தார். தைல வாசனைதான் இருந்தது.

"அம்சா" என்றார். குரல் மோட்டாரில் கம்பி அறுந்த மாதிரி வந்தது. "இந்த டப்பால சின்னதா ஒண்ணு..."

"அந்தப் பித்தளை வில்லையா? பத்து ரூவான்னீங்களே?"

"அ... அதேதான்."

அம்சவள்ளி கழுத்திலிருந்து புதுத் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு குண்டுமணிகளுக்கு நடுவில், தலையில் ஒரு ஓட்டையும் ஓட்டையில் ஒரு வளையமுமாக, தங்க வராகன் தொங்கிக்கொண்டிருந்தது.

தீனதயாளன் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஓட்ட..." என்றார்.

"ஓட்ட போட்டாத்தானங்க கயிறுல நிக்கும்? வருஷா வருஷம் தங்கம் தங்கம்னு ஒங்கள நச்சரிக்கறது எனக்கே பாவமா இருந்துச்சு. பாவம், சோளத்துக்கு வேற வெல இல்லாம போச்சு. சரி, இந்தப் பித்தளையே போதும்னு முந்தாநேத்து சின்னசேலத்துல பத்தர்கிட்ட குடுத்து ஓட்ட போட்டாந்துட்டன். இன்னிக்கு சாமி முன்னாடி கோத்தாச்சு. ஓட்டக் காசு சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்னு நீங்கதான சொன்னீங்க? இனிமே விக்கவும் முடியாது. விக்காட்டி வரி பயமும் இல்ல."

தீனதயாளன் வாயைத் திறந்தார். தாலியில் ஏறியதை இறக்கு என்று எந்தக் கணவனும் சொன்னதில்லை. தங்கம் என்று சொல்லலாம் என்றால், மக்காச்சோளம் எழுந்து நிற்கும். பித்தளை என்று சாதிக்கலாம் என்றால், ஆடிப் பதினெட்டும் அதுவுமாகப் பெண்டாட்டி தாலியில் பித்தளை. வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுதாங்க எனக்கு யோசனையா இருக்குது" என்றாள் அம்சவள்ளி, வராகனை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "பித்தளையாச்சே. வேர்வ பட்டா கறுத்துப்புடுமா?"

தீனதயாளன் அதைப் பார்த்தார். மாலை வெயிலில் அது அவரைப் பார்த்து மினுக்கியது. லென்ஸ் இல்லாமலே அழகாகத்தான் இருந்தது.

"கறுக்காது" என்றார், மெல்ல. "எத்தினி வருஷம் ஆனாலும் கறுக்காது."

"பத்தரும் அதாங்க சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, அம்சவள்ளி பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.